மாப்பிள்ளை வயது ஐந்தரை அடி

தள்ளியெல்லாம் உக்கார வேண்டாமுங்ணா, எனக்கு இந்த இடமே தாராளம். காங்கேயம் வரைக்கும்தானே? நீங்களும் காங்கேயமா? அட, ரொம்ப நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. இல்லீங், தூங்கறதுன்னாத் தூங்குங்க. நான் மெதுவாத்தான் பேசுவேன்.

கல்யாணத்துக்குப் போறனுங். சொந்தமா, சொந்தமெல்லாம் இல்லீங். சொந்தமாயிருக்க வேண்டியது, தட்டிப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், இன்னைக்கு அந்த மண்டபத்துல மேளம் கொட்டுதுன்னா அதுக்கு நாந்தான் காரணம். பத்திரிக்கையில என் பேரு இல்லை. மாப்பிள்ளையோட மாமா பையன் பேரு வரைக்கும் போட்டிருக்காங்க, நம்ம பேரு இல்லை. பரவால்லீங். உலகம் அப்படித்தான்.

நான் சாஃப்ட்வேருங். கண்ணாடிக் கட்டடம்னு நினைச்சுக்காதீங்க, காந்திபுரத்துல வளையல் கடைக்கு மேல் மாடி. பேரு தரணிதரன். நாங்க சின்னச் சின்ன ஆப் செஞ்சு குடுப்போம். போன்ல அமுக்கிப் பாக்கறீங்களே, அந்த ஆப்புதான். போன வருஷம் சென்னியப்பன்னு ஒருத்தர் வந்தாப்ல. கல்யாணத் தகவல் மையம் நடத்தறவர். நெத்தி நிறைய விபூதி, சட்டைப் பையில எப்பவும் நாலஞ்சு ஜாதகம். வெப்சைட்டு ஏற்கெனவே வெச்சிருந்தாப்ல. "தம்பி, இப்பெல்லாம் எல்லாரும் போன்லதான் பாக்கறாங்க, எனக்கு ஒரு ஆப் வேணும்"ன்னாரு. வேலை எங்கிட்ட வந்துச்சு.

இப்ப இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இதுலதான் மொத்தக் கதையும் இருக்குது. வெப்சைட்டுல எழுத்து வெறும் எழுத்தா இருக்காதுங்ணா. இந்த வார்த்தை தடிமனாத் தெரியணும், இங்க அடுத்த வரிக்குப் போகணும், இது நடுவுல நிக்கணும்னு உள்ளுக்குள்ள குறிப்பு எழுதியிருக்கும். அந்த எழுத்து முறைக்குப் பேரு ஹெச்டிஎம்எல். குறிப்பெல்லாம் ரெண்டு காக்கா மூக்குக்கு நடுவால இருக்கும். இங்க பாருங், இந்த ஜன்னல் தூசியில போட்டுக் காட்டறேன். இது இடது பக்கம் பாக்கற மூக்கு. இது வலது பக்கம் பாக்கற மூக்கு. நடுவால குறிப்பு. அவ்வளவுதான். குறிப்பு நம்ம கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதோட பலன் மட்டும் தெரியணும்.

எங்க ஆபீசுல ஃபர்ஹானான்னு ஒரு புள்ளை இருக்குது. கரூர்க்காரப் புள்ளை. கெட்டிக்காரி, இல்லைன்னு சொல்லலை, ஆனா எதுக்கெடுத்தாலும் லைப்ரரி, லைப்ரரின்னு சொல்லும். புத்தகம் அடுக்கின லைப்ரரி இல்லீங். வேற யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கங்கன்னு வெச்சிருக்கற புரோகிராம். "தரணி, ஹெச்டிஎம்எல்-ஐப் படிச்சு, எது குறிப்பு, எது எழுத்துன்னு பிரிச்சு, அழகாக் காட்டறதுக்குன்னே லைப்ரரி இருக்கு. அதைப் போட்டுட்டு வேற வேலையைப் பாரு. தயவு செஞ்சு நீயா எழுதாதே"ன்னுச்சு.

நீயா எழுதாதே! எப்படி இருக்கு பாத்தீங்களா? நான் என்ன, தச்ச சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுட்டுப் போறவனா? ஊரு பேரு தெரியாத ஒருத்தன் எழுதினதை நான் எதுக்கு நம்பணும்? அவன் கல்யாணமே ஆகாதவனா இருந்தா, அவன் எழுதின புரோகிராம் கல்யாண ஆப்புக்கு எப்படி ராசியாகும்? இதை நான் கேட்டேனுங். ஃபர்ஹானா ஹெட்போனை எடுத்துக் காதுல மாட்டிக்குச்சு. உண்மை சுட்டிருச்சு, அதான்.

நானே எழுதினேன். ஒரே வரி. இடது மூக்கைக் கண்டா, அடுத்த வலது மூக்கு வரைக்கும் இருக்கறதைத் தூக்கிப் போடு. முடிஞ்சது. லைப்ரரிக்காரன் ஆயிரக்கணக்கான வரி எழுதி வெச்சிருக்கான், நான் ஒரே வரி. யாரு கெட்டிக்காரன், நீங்களே சொல்லுங்க. தலையாட்டறீங்க, ரொம்ப சந்தோசம்.

ஆப் வெளியில வந்துச்சு. சென்னியப்பனுக்கு ஒரே பூரிப்பு. ஒரு சின்ன விசயம் மட்டும் நடந்துச்சு. அது குறையே இல்லீங், ஆனா சொல்லிடறேன். ஹெச்டிஎம்எல்-ல ஒரு இடைவெளி விடணும்னா என்பிஎஸ்பின்னு நாலு எழுத்துல எழுதுவாங்க. அதுக்கு மூக்கே கிடையாது, அதனால என் வரிக்கு அது சிக்கலை. அது அப்படியே தெரிய ஆரம்பிச்சிருச்சு. செல்வி கோகிலவாணி, எம்.ஏ., பி.எட்., என்பிஎஸ்பி. செல்வன் யுவராஜ், பி.இ., என்பிஎஸ்பி.

சென்னியப்பனுக்கு ஒருத்தர் போன் பண்ணி, "என்பிஎஸ்பின்னா என்ன படிப்புங்"ன்னு கேட்டிருக்காரு. இந்த மனுசனுக்குத் தெரியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லை. "அது டெல்லிப் பக்கம் படிக்கற படிப்புங்க, எல்லாருக்கும் கிடைக்காது"ன்னு விட்டிருக்காரு. அவ்வளவுதான். பெருந்துறையில ஒரு மில் ஓனர், "எம் பையனுக்கு என்பிஎஸ்பி முடிச்ச பொண்ணுதான் வேணும், மத்த ஜாதகத்தைக் காட்டவே காட்டாதீங்க"ன்னு உக்காந்துட்டாப்ல. அப்படியே ஒரு பொண்ணைப் பாத்து நிச்சயமும் பண்ணிட்டாங்க. ஃபர்ஹானா தலையில அடிச்சுக்குச்சு. "தரணி, அது வெறும் இடைவெளி!" நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "இடைவெளியால ஒரு குடும்பம் சேந்துதுல்ல, உடு"ன்னேன்.

சரி, இனித்தான் என் சங்கதி.

ஆப்பைச் சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு நான் தினமும் பொண்ணுங்க விவரத்தைப் படிப்பேன். வேலைதானுங், வேற எண்ணம் இல்லை. அப்ப ஒரு விவரம் வந்துச்சு. பேரு வான்மதி. ஊரு காங்கேயம். தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர். என்ன டீச்சர்னு அதுல போடலை. சிரிச்ச முகம். கீழ எதிர்பார்ப்புன்னு ஒரு இடம் இருக்கும். அந்த இடத்துல மத்தவங்கெல்லாம் ஒரு பட்டியலே போட்டிருப்பாங்க. சொந்த வீடு இருக்கணும், ஒரே பையனா இருக்கணும், மாமியார் சாதுவா இருக்கணும்னு. இந்தப் பொண்ணு ஒரே ஒரு வரி போட்டிருந்துச்சு.

"மாப்பிள்ளை வயது ஐந்தரை அடி இருக்க வேண்டும்."

சிரிக்கறீங்களா? நானும் சிரிச்சனுங். சிரிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். எவ்வளவு ரசனை பாருங்க! உலகமே நிபந்தனை போடற இடத்துல, நிபந்தனையையே கிண்டல் பண்ணியிருக்குதே! அதோட, என் உயரம் அஞ்சே முக்கால். பொருந்துது.

ஃபர்ஹானாகிட்டக் காட்டினேன். அந்தப் புள்ளை படிச்சிட்டு, "இது உன் புரோகிராம்ல தப்பு. நடுவுல எதையோ முழுங்கியிருக்கு"ன்னுச்சு. "ரசனை இல்லாதவங்களுக்கு எல்லாம் தப்பாத்தான் தெரியும்"ன்னு சொல்லிட்டு நான் சென்னியப்பனுக்குப் போன் போட்டுட்டேன்.

எங்கம்மாவும் மாமாவும் நானும் போனோம். நல்ல வீடு. முறுக்கு வெச்சாங்க, காபி வெச்சாங்க. பொண்ணோட அப்பா குழந்தைவேல், அரிசி மண்டி. ரொம்ப மரியாதையானவரு. மொதக் கேள்வி கேட்டாரு.

"தம்பி அரசாங்கத்துல எந்த டிபார்ட்மென்டுங்க?"

"சாஃப்ட்வேருங்."

"அரசாங்கத்துல சாஃப்ட்வேர் டிபார்ட்மென்டா?"

"இல்லீங், வளையல் கடைக்கு மேல."

அவரு எங்க மாமாவைப் பாத்தாரு. மாமா முறுக்கைப் பாத்தாரு. "வயசு எத்தனைங்க?"ன்னாரு. முப்பத்தி நாலு நடக்குதுன்னேன். மாமா இன்னொரு முறுக்கை எடுத்துக்கிட்டாரு. அப்புறம் பொண்ணு வந்துச்சு. போட்டோவை விட நேர்ல இன்னும் லட்சணம். அவங்கப்பா, "என்ன கண்ணு, நீ எழுதிக் குடுத்ததை இவங்க படிக்கலியாட்ட இருக்குது"ன்னாரு.

எனக்குப் பொறுக்கலை. "மனப்பாடமாத் தெரியுமுங்க. மாப்பிள்ளை வயது ஐந்தரை அடி இருக்க வேண்டும்"ன்னேன். சொல்லிட்டுப் பொண்ணைப் பாத்து லேசாச் சிரிச்சேன், நமக்குள்ள ஒரு ரகசியம் மாதிரி.

பொண்ணு சிரிக்கலீங். போனை எடுத்துட்டு வந்து, அது சென்னியப்பனுக்கு அனுப்பினதை அப்படியே படிச்சுது. மாப்பிள்ளை வயது, இடது மூக்கு, முப்பது. அரசு வேலை. காங்கேயத்தை விட்டு ரொம்பத் தூரம் போகாதவர். சமைக்கத் தெரிஞ்சவர். அதிகம் பேசாதவர். உயரம், வலது மூக்கு, ஐந்தரை அடி இருக்க வேண்டும்.

புரிஞ்சுதுங்களா? கணக்குல குறைவுன்னாலும் அதே மூக்குதான் போடுவாங்க, அதிகம்னாலும் அதே மூக்குதான். முப்பதுக்குள்ளன்னு சொல்ல இடது மூக்கு, ஐந்தரை அடிக்கு மேலன்னு சொல்ல வலது மூக்கு. என் வரி அதோட கடமையைச் செஞ்சிருக்குது. மூக்குல இருந்து மூக்கு வரைக்கும் தூக்கிருச்சு. சொன்ன வேலையை ஒழுங்காச் செஞ்சதுக்கு யாராவது குத்தம் சொல்லுவாங்களா?

நான் அதைப் பொறுமையா விளக்கினேன். சும்மா மேலோட்டமா இல்லீங், காபித் தம்ளர் ரெண்டையும் மூக்கா வெச்சு, நடுவுல முறுக்கை வெச்சு விளக்கினேன். முறுக்கை எடுத்துக் கடிச்சுக் காட்டினேன். "இதுதான் நடந்துச்சு. தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. கல்யாண விசயத்துல யாராவது கணக்குக் குறி போடுவாங்களா?"

"நான் கணக்கு டீச்சருங்க"ன்னுச்சு பொண்ணு.

"அது சரிங்க. பள்ளிக்கூடத்துல போடுங்க. வீட்டுல 'குறைவாக'ன்னு எழுதினாக் கையா வலிச்சுரும்?"

எங்கம்மா என் தொடையில கிள்ளுச்சு. பெருமையில கிள்ளுச்சுன்னு நினைக்கறேன்.

பொண்ணு கேட்டுச்சு, "அந்த ஆப்பை எழுதினது யாருங்க?"

அதுக்குத்தானே காத்திருந்தேன். நிமிந்து உக்காந்து, "நானேதானுங்"ன்னேன்.

"அப்ப நான் எழுதினதை வெட்டினதும் நீங்கதான். வெட்டினது போக மிச்சத்தைப் படிச்சிட்டுக் கிளம்பி வந்ததும் நீங்கதான்."

"விதி பாத்தீங்களா!"ன்னேன். மனசாரச் சொன்னனுங். சமையல்கட்டுல பொண்ணோட அம்மா என்னமோ கீழ போட்டுட்டாங்களாட்ட இருக்குது, ஒரு மாதிரிச் சத்தம் வந்துச்சு. அழறாங்களா சிரிக்கறாங்களான்னு தெரியலை.

கிளம்பும்போது பொண்ணே வாசல் வரைக்கும் வந்துச்சுங்ணா. சாதாரணமா வராதுங்க. வந்து, "உங்க ஆபீஸ் நம்பர் ஒண்ணு குடுங்க"ன்னுச்சு. என் நம்பரைக் குடுத்தேன். "வேற யாராவது நம்பர்?"ன்னுச்சு. கூச்சம். நேரா எங்கிட்டப் பேசக் கூச்சம். சரின்னு ஃபர்ஹானா நம்பரைக் குடுத்தேன்.

கார்ல வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்குச்சு. மாமா மட்டும், "ஏன்டா, அஞ்சு நிபந்தனைக்கு ஒண்ணும் பொருந்தலையேடா"ன்னாரு. மொத்தம் ஆறு, மாமா, அதுல உயரம் பொருந்துதுன்னேன்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபர்ஹானா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் வரியை அழிச்சுட்டு அந்த லைப்ரரியைப் போட்டிருச்சு. டீ வர்றதுக்குள்ள முடிச்சிருச்சு. வான்மதி போன் பண்ணுச்சாம், ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினாங்களாம், கடைசியில சிரிப்பு அடங்கவே இல்லையாம். என்ன பேசினாங்கன்னு கேட்டேன். "லைப்ரரியைப் பத்தி"ன்னுச்சு. லைப்ரரியைப் பத்திப் பேசினா எதுக்குங் சிரிப்பு வருது?

நானும் லைப்ரரி என்ன கிழிக்குதுன்னு பாத்தேன். மூக்கைக் கண்டா உடனே முழுங்கறதில்லை. இது குறிப்பு மூக்கா, கணக்கு மூக்கான்னு யோசிக்குது. மூடாம விட்ட குறிப்பை அதுவே மூடிக்குது. என்பிஎஸ்பியை இடைவெளியா மாத்தீருது. ரொம்பப் பதவிசாத்தான் இருக்குது. ஆனா எனக்கென்னமோ அதுல ஒரு தைரியம் இல்லைன்னு பட்டுச்சுங். யோசிச்சு யோசிச்சுச் செய்யறதெல்லாம் ஒரு வேலையா?

அதோட விளைவையும் பாருங்க. எல்லாருடைய நிபந்தனையும் முழுசாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. யாருக்கும் யாரும் பொருந்தலை. சென்னியப்பன் போன் அடங்கிப்போச்சு. பெருந்துறை மில் ஓனர் ஆபீசுக்கே வந்துட்டாரு. மேசையைத் தட்டறாரு. "எம் மருமக படிப்பை எடுத்துப்போட்டீங்களே, என்னய்யா அக்கிரமம்! நிச்சயத்தப்ப இருந்த என்பிஎஸ்பி இப்ப எங்கய்யா?" சென்னியப்பன் நெத்தியில வேர்த்து விபூதியெல்லாம் கரைஞ்சு வழியுது. நாந்தான் போய்ச் சமாளிச்சேன். "அந்தப் படிப்பை டெல்லியில நிறுத்திட்டாங்கங்க. இனி யாருக்கும் கிடையாது. ஏற்கெனவே முடிச்சவங்க கடைசி ஆளுங்க"ன்னேன். மனுசன் குளுந்து போயிட்டாரு. மருமகளுக்கு மாலை போடாத குறையாப் போனாரு. ஃபர்ஹானா மேசைக்கு அடியில எதையோ தேடற மாதிரிக் குனிஞ்சுது, நிமிரவே இல்லை.

ஆனா ஒரு மாசம் கழிச்சுச் சென்னியப்பன் ஃபர்ஹானாவுக்கு ஒரு கூடை பழமும் ஸ்வீட்டும் அனுப்பினாரு. பொருத்தமில்லாத ஆளுங்களை அலைய விடறது குறைஞ்சு, நல்ல இடமாத் தகையுதுன்னு ஒரு சீட்டும் வெச்சு. ஆள் மாத்தி அனுப்பிட்டாராட்ட இருக்குது. நானும் கேட்டுக்கலை.

இப்பக் கல்யாணத்துக்கு வரேன். ஃபர்ஹானாவுக்குப் பத்திரிக்கை வந்துச்சு. வான்மதி கல்யாணம். கவர் மேல "ஃபர்ஹானா மற்றும் அலுவலக நண்பர்கள்"ன்னு எழுதியிருந்துச்சு. அலுவலக நண்பர்கள்னா நானும்தானுங்களே? அவங்கெல்லாம் கார்ல போறாங்க. கார்ல இடமில்லைன்னு சொல்லிட்டாங்க. மூணு பேருதான் போறாங்க, பின் சீட்டுல பூங்கொத்து வெச்சிருக்காங்களாம், நசுங்கீருமாம். அதனாலதான் விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்.

மாப்பிள்ளை யாருன்னு விசாரிச்சேன். சம்பத்துன்னு ஒருத்தரு. வெள்ளக்கோயில்ல பேக்கரி வெச்சிருக்காரு. அரசு வேலை இல்லை. வயசு முப்பத்தி மூணு. உயரம் அஞ்சே கால்! அந்த ஒரு நிபந்தனைதான் வெட்டுப்படாம நின்னுச்சு, அதுவும் பொருந்தலை. எனக்குத் தலை சுத்திப்போச்சு. அவரும் என் ஆப்புல அந்த ஒத்தை வரியைப் படிச்சிட்டுத்தான் போயிருக்காரு, லைப்ரரி போடறதுக்கு முந்தியே. நான் போயிட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலமே போயிருக்காரு.

மனசு கேக்கலைங்ணா. வான்மதிக்கே போன் போட்டுட்டேன். "தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு தொழில் சந்தேகம். உங்க நிபந்தனையில அவரு எதுக்குப் பொருந்தினாரு?"

அந்தப் புள்ளை சிரிச்சுது. கோவமில்லாத சிரிப்புதான். "அவரு வந்து உக்காந்ததும், ஆப்புல ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்குங்க, என்ன எழுதியிருந்தீங்கன்னு முழுசாச் சொல்லுங்கன்னாரு. நான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, வயசு, வேலை, உயரம் எதுவுமே எனக்குப் பொருந்தலீங்களே, காபி நல்லா இருந்துச்சு, போயிட்டு வரேன்னு எந்திரிச்சாரு. எங்கப்பாதான் உக்காருங்கன்னாரு"ன்னுச்சு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. நீங்க வந்தப்போ எங்கப்பா அப்படிச் சொல்ல வாய்ப்பே கிடைக்கலை. நீங்க முறுக்கு வெச்சு விளக்கிட்டு இருந்தீங்க."

பாத்தீங்களா? இப்ப விசயம் எங்க இருக்குதுன்னு புரியுதுங்களா? எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. பொண்ணு போனதுக்கு இல்லீங். கேக்கறவங்ககிட்ட அப்படித்தான் சொல்றேன், பொண்ணு போனதுக்கு இல்லை. "விட்டுப்போன மாதிரி இருக்கு"ன்னாரே அந்த பேக்கரிக்காரரு, அதுக்குத்தான். விட்டுப்போகலை! விட்டுப்போறதுன்னா கவனக்குறைவு. என் வரி கவனமா, முறையா, மூக்குல இருந்து மூக்கு வரைக்கும் நீக்கியிருக்குது. அந்த வித்தியாசம் தெரியாமலே ஒரு மனுசன் காலம் பூரா குடும்பம் நடத்தப் போறாரு. அதுவும் கணக்கு டீச்சரோட!

அதனாலதானுங் போறேன். சாப்பாட்டுக்கோ, மொய்க்கோ இல்லை. மாப்பிள்ளையைப் பாத்து ஒரு வார்த்தை விளக்கிட்டு வந்துரலாம்னு. நீங்க நாலு கல்யாணம் பாத்தவரு, ஒரு யோசனை சொல்லுங்ணா. தாலி கட்டறதுக்கு முந்தி மணவறையிலேயே போய்ச் சொல்லிடட்டுங்களா, இல்ல பந்தியில பக்கத்துல உக்காந்து, ரெண்டு அப்பளத்தை மூக்கா வெச்சுச் சாவகாசமா விளக்கட்டுங்களா?